பெடல் கல்லு மாதிரி இருக்கு

உங்க வண்டியில பிரேக் நல்லாப் பிடிக்குதுங்களாணா? இல்ல, சும்மாதான் கேட்டேன். ஒரே ஒரு தடவை அமுக்கிக் காட்டுங்க. ஆ, பிடிக்குது. இன்னொரு தடவை. கோவிச்சுக்காதீங்க. முதல் அமுக்குல பிடிச்சுதேன்னு நம்பி மலையிறங்குன ஆளு நான்.

சரி, போலாம். சீக்கிரம் கீழ போய்ச் சேர்ந்துட்டாப் போதும். ஆனா வேகமாப் போகாதீங்க. வேகமாப் போகாம சீக்கிரமாப் போங்க. சிரிக்கிறீங்க பாத்தீங்களா? அந்தக் கண்ணாடியில எங்க மாமா கார் தெரியுது. உங்க வண்டி மேல ஏத்திச் சங்கிலி போட்டுத்தான் கட்டியிருக்கீங்க, எனக்குத் தெரியும். இருந்தாலும் அது நம்மளப் பின்னாடியே துரத்திட்டு வர்ற மாதிரி இருக்கு. கண்ணாடியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்கவா? வேண்டாமா? சரி, நான் ரோட்டையே பாக்கறேன். ஐயோ, ரோட்டைப் பாத்தா இன்னும் மோசம். கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் இவ்ளோ கீழ இருக்குன்னு ஏறும்போது யாருமே சொல்லல.

நான் பேசிட்டே வந்தா உங்களுக்குத் தொந்தரவா? பேசாம இருந்தா எனக்கு அந்த வளைவு கண்ணுக்குள்ள வருது.

என் பேரு லோகித்துங்ணா. ப்ளஸ் ஒன். எங்க மாமா காரை விடற பட்டறையில எல்லாரும் ரேடியோன்னு கூப்பிடுவாங்க. ஏன்னா எந்த ஸ்டேஷன் வேணாலும் பிடிப்பேன். ஒருத்தர் ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும், அப்படியே எடுத்துருவேன். எங்க ஹெட்மாஸ்டர் குரல்ல மைக்குல, "இன்று மதியத்திற்கு மேல் விடுமுறை, அமைதியாகக் கலைந்து செல்லவும்"னு சொல்லி ஒரு பிளாக்கையே வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். குக்கர் விசில் கூட விடுவேன். அம்மா மாடியில துணி காயப் போட்டுட்டு இருப்பாங்க, நான் ஹாலுக்குள்ள இருந்து மூணு விசில் விடுவேன், ஓடி வந்து அடுப்பை அணைச்சுருவாங்க. ஒரு வாரம் வீட்ல அரை வேக்காட்டுச் சோறு. அம்மா அரிசிக் கடைக்காரர் கூட ஒரே சண்டை. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலி. அம்மாகிட்டச் சொன்னேனாவா? இல்லீங்ணா, அதுக்கு மேல விசில் விடல, அவ்ளோதான். கடையை மாத்தியாச்சு, அரிசி இப்ப நல்லா வேகுது.

வளைவு வருதுங்ணா. கியரைக் குறைங்க. ம். ம். அப்பாடா.

எங்க தினகர் மாமாவைப் பத்திச் சொல்லணும். அம்மாவோட தம்பி. மோட்டார் பம்பு கம்பெனியில டிசைன் வேலை, பம்பு டிசைன். பழைய செடான் ஒண்ணு வாங்கி இன்ஜினைப் பிரிச்சு, டர்போ வெச்சு, சைலன்சரை மாத்தி, இப்ப அது ஸ்டார்ட் பண்ணினா எங்க தெருவுல நாயெல்லாம் திண்டுக்கல் பக்கம் ஓடிரும். இதோ இப்படி: டுர்ர்ர்ர்... ப்பாப் ப்பாப்! பயந்துட்டீங்களா? மன்னிச்சுக்கங்க. எனக்கே பயமாத்தான் இருக்கு, ஏன் பண்ணினேன்னு தெரியல.

போன மாசம் அவினாசி ரோட்ல ஒரு டேங்கர் லாரிக்குப் பின்னால போய் மயிரிழையில நின்னிருக்கார். அன்னிக்குத்தான் அவருக்குப் புத்தி வந்துச்சு. எங்கிட்ட கிளாஸ் எடுத்தார். அவர் குரல்லயே சொல்றேன் கேளுங்க, மூக்குல கொஞ்சம் வரும்: "ரேடியோ, ஓடறதுக்குப் பவர் இருந்தாப் போதாதுடா. நிறுத்தறதுக்கும் பவர் வேணும்." வர்ற ஞாயித்துக்கிழமை ரேஸ் டிராக்ல ஓட்டறதுக்குப் பேர் குடுத்திருந்தார். அதுக்குள்ள பிரேக்கை மாத்தியாகணும். பெரிய டிஸ்க்கு, தோசைக்கல்லு சைஸ்ல. அதைக் கவ்வறதுக்குச் சிவப்புக் கலர்ல காலிப்பர், பாக்க நண்டு மாதிரியே இருக்கும். டிஸ்க்கை உரசி நிறுத்தறதுக்குப் புது பேடு, ஆயில் போறதுக்கு எஃகு நூல் சுத்தின ஹோஸ். டப்பாவைப் பிரிச்சப்ப மாமா முகத்துல கல்யாணக் களை.

வேலை பாத்தது மிக்கேல் அண்ணன். சிங்காநல்லூர்ல வெள்ளிங்கிரி ஐயா பட்டறையில இருக்கார். சொந்த ஊரு தூத்துக்குடி. நல்ல மனுசன்ங்ணா, நான் பொய் சொல்ல மாட்டேன். ஸ்கூல் விட்டு நான் அங்க போனா எனக்கும் சேத்துப் பப்ஸ் வாங்குவார். "ஏல ரேடியோ, எங்க அம்மை மாரி பேசிக் காட்டுல"ம்பார். அவங்க அம்மாவை நான் பாத்ததே இல்ல. போன் ஸ்பீக்கர்ல ஒருக்கா கேட்டதுதான். "ராசா, சாப்டியாப்பா?"ன்னு பேசிக் காட்டினேன். அவர் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டுக் கண்ணைத் தொடச்சுக்கிட்டார். நல்ல மனுசன். ஆனா தப்பு தப்புதானுங்களே? மாமாவும் நானும் இன்னிக்குச் செத்திருப்போம். நல்ல மனுசன்னு விட்டுற முடியுமா?

அது என்ன சத்தம்? கீச்சுன்னு? உங்க பிரேக்கா? எப்பவும் வருமா? எப்பவும் வர்ற சத்தம்னாச் சரி.

நேத்து சாயங்காலம் எல்லாத்தையும் மாட்டியாச்சு. கடைசியா ஏர் எடுக்கணும். உங்களுக்குத் தெரியுமே. பிரேக் ஆயில் போற குழாய்ல காத்து நின்னுருமாம், அதை வெளிய தள்ளணும். ஒருத்தர் உள்ள உக்காந்து பெடலை அமுக்கணும், இன்னொருத்தர் சக்கரத்துக்கிட்டப் படுத்துட்டு சின்ன நட்டைத் தெறக்கணும். உதவிக்கு இருக்கற பையன் லீவு. அதனால மாமாவே சீட்ல உக்காந்தார். மிக்கேல் அண்ணன் சக்கரத்துக்குப் பின்னால மல்லாக்கப் படுத்துட்டார். ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. எல்லாமே குரல்தான். நான் டயர் அடுக்கு மேல உக்காந்து வேடிக்கை.

அவர் சொல்றது பாட்டு மாதிரி இருக்கும்: "அமுக்குங்க சார்... அமுக்குங்க... அமுக்குங்க... பிடிச்சிக்கிடுங்க!" மாமா கால்ல பெடலை அழுத்திப் பிடிச்சுக்குவார். அண்ணன் நட்டைத் தெறப்பார், ஆயில் பீச்சி அடிக்கும், நட்டை மூடுவார். "ம், விடுங்க." மாமா காலை எடுப்பார். திரும்பவும் அமுக்குங்க, அமுக்குங்க.

நீங்களே சொல்லுங்க, கண்ணுக்குத் தெரியாம ரெண்டு பேரு, நடுவுல ஒரே ஒரு குரலு, பக்கத்துல நானு. சும்மா இருக்க முடியுமா?

அண்ணன் "பிடிச்சிக்கிடுங்க"ன்னாரு. ஆயில் பீச்சுச்சு. நான் டயர் மேல இருந்து அவர் குரல்ல, "ம், விடுங்க." மாமா விட்டுட்டார். கீழ இருந்து அண்ணன், "யாரு சார் விடச் சொன்னா?" மாமா, "நீங்கதானுங்க சொன்னீங்க?" "நான் இன்னும் மூடவே இல்லியே சார்!" "அப்புறம் யாரு, என்ற தாத்தனா சொன்னாரு?" நான் வாயைப் பொத்திட்டு டயருக்குள்ளயே விழுந்துட்டேன். அண்ணன் முதல்ல இருந்து ஆரம்பிச்சார். அடுத்த சக்கரத்துலயும் அதே. மாமா கோவத்துல, "மிக்கேல் அண்ணே, ஒரு முடிவு பண்ணிச் சொல்லுங்க, பிடிக்கவா விடவா?" அவர் பாவம், காதுக்குள்ள விரலை விட்டு ஆட்டிப் பாத்துட்டு, "நாந்தான் சொல்லுறனா, எனக்குத்தான் கேக்குதான்னு தெரியலயே"ன்னு முணுமுணுக்கறார். இதெல்லாம் வீடியோ எடுத்திருக்கணும்ங்ணா.

ஆனா பெஸ்ட்டு எது தெரியுங்களா? கடைசிச் சக்கரம். முன்னாடி வலது பக்கம். அங்கயும் ஒரு "விடுங்க" போட்டேன், மெதுவா, அவருக்குக் கேக்காத அளவுக்கு. மாமா விட்டுட்டார். அந்நேரம் மாமாவுக்குப் போன் வந்துச்சு, அவர் காரை விட்டு இறங்கி வெளிய போயிட்டார். அண்ணன் நட்டை இறுக்கிட்டுக் கீழ இருந்தே கேக்கறார், "சார், பெடலு எப்படி இருக்கு?" சீட்ல ஆளே இல்ல! நான் மாமா குரல்ல, மூக்கால, "செம்மயா இருக்குதுங்ணா. கல்லு மாதிரி இருக்கு."

நம்பிட்டார்! "அப்பம் முடிஞ்சிது சார்"னு சக்கரத்தை மாட்டிட்டார். என் வாழ்க்கையிலயே அதுதான் டாப். சீட்ல ஆளே இல்ல, பெடலு கல்லு மாதிரி இருக்கு! ஹ... 

சிரிக்கலையா நீங்க? நேத்து நான் அவ்ளோ சிரிச்சேன்.

வளைவு. வளைவுங்ணா. பஸ் வருது பாருங்க, அவன் ஏறட்டும், அவனுக்கு வழி விடுங்க. விட்டுட்டீங்க. சரி. தண்ணி இருக்குங்களா? ஒரு மடக்கு.

மாமா உள்ள வந்ததும் அண்ணன் சாவியைக் கேட்டார். "ஒரு ரவுண்டு நானே ஓட்டிப் பாத்துட்டுத் தாரேன் சார்." மாமாவுக்கு அவசரம். கோத்தகிரியில அவர் பிரண்ட்ஸ் ரெண்டு பேரு ரூம் போட்டுக் காத்திருக்காங்க, காலையில நேரத்துல கெளம்பியாகணும். "எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டீங்கல்ல, அப்புறம் என்னங்க?"ன்னு சாவியைக் குடுக்கல. அண்ணன் விடாம சொன்னார், இதை நான் மறைக்கல: "புதுப் பேடு சார். ஒரு நாள் பைபாஸ்ல மெதுவாப் பிடிச்சிப் பிடிச்சி ஓட்டிப் பழக்குங்க. புது மாப்பிள மாரி. வந்த அன்னைக்கே மலையில ஏத்திராதிய."

மாமா கேக்கல. காலையில வீட்டு வாசல்லயே பெடலு கொஞ்சம் பொதுக்குன்னு இருந்துச்சாம். "புது பேடு, உக்கார நேரமாகும்னு மிக்கேலே சொன்னாருல்ல"ன்னு அவரே ஒரு விளக்கம் வெச்சுக்கிட்டார். ஏத்தத்துல பிரேக்குக்கு என்ன வேலை? ஜம்முன்னு ஏறினோம். மேல டீ குடிச்சோம், போட்டோ எடுத்தோம், சிவப்பு நண்டு நாலும் தெரியற மாதிரி. அப்புறம் இறக்கம்.

ரெண்டு பிரண்ட்ஸும் முன்னாடி ஆளுக்கொரு பைக்ல. நாங்க பின்னாடி. மாமா அவங்களை முந்தணும்னு மிதிக்கறதும் பிடிக்கறதுமா வந்தார். நான் மேப்புல வர்ற பொண்ணு குரல்ல, "இருநூறு மீட்டரில் மாமா வலதுபுறம் திரும்பவும்"னு சொல்லிட்டு இருந்தேன். மாமா சிரிச்சார். கருகின வாசம் வந்துச்சு. "புது பேடு, அப்படித்தான் இருக்கும்"னார். அடுத்த வளைவுல பெடலு பாதிக்குப் போச்சு. அதுக்கடுத்ததுல முக்கால். மாமா சிரிப்பை நிறுத்திட்டார். நான் நிறுத்தல. நான் இன்னும் மேப்புப் பொண்ணாத்தான் பேசிட்டு இருந்தேன்.

அப்புறம், எங்க காரை நீங்க ஏத்தின எடம் இருக்கே, அதுக்குக் கொஞ்சம் மேல இருக்கற அந்த வளைவு. மாமா பிரேக்கை மிதிச்சார். பெடலு தரையில போய் டொக்குன்னு இடிச்சுது. அந்த டொக்கு இருக்கே. அதை மட்டும் என்னால செஞ்சு காட்ட முடியாதுங்ணா, கேக்காதீங்க. கார் நிக்கல. மாமா என்னைத் திரும்பிப் பாத்தார். ரோட்டைப் பாக்காம என்னைப் பாத்தார். பெரிய ஆளுக மூஞ்சியில அப்படி ஒரு பயத்தை நான் பாத்ததில்ல. "பிடிக்கலடா"ன்னார். சின்னப் பையன் குரலு. அடிச்சா அழற பையன் குரலு. முன்னாடி தடுப்புச் சுவரு இடுப்பளவு கூட இல்ல. அதுக்கு அந்தப் பக்கம் வெறும் பனி. கீழ இருந்து ஒரு பஸ் ஹாரன் அடிக்குது, எங்க இருந்துன்னு தெரியல.

காலைத் தரையோட அழுத்தி அப்படியே வெச்சிருக்கார் மாமா. பம்பு டிசைன் பண்றவரு! எடுத்துத் திரும்ப மிதிக்கணும்னு தோணல. எனக்கும் ஒண்ணும் தோணலைங்ணா, சத்தியமா. என் வாயி அதுவாக் கத்துச்சு. மிக்கேல் அண்ணன் குரல்ல. "விடுங்க சார்! அமுக்குங்க! அமுக்குங்க! அமுக்குங்க! பிடிச்சிக்கிடுங்க!"

மாமா கால் அந்தக் குரலுக்குப் பழகியிருந்துச்சு போல. சொன்னதைச் செஞ்சுது. முதல் அமுக்குக்குக் காத்து. ரெண்டாவதுக்கும் காத்து. மூணாவதுல என்னமோ ஒண்ணு கவ்வுச்சு. நாலாவதுல மாமா பிடிச்சுக்கிட்டு, ஸ்டியரிங்கை மலைப் பக்கமா ஒடிச்சு, ரோட்டோரத் தண்ணி ஓடைக்குள்ள முன் சக்கரத்தை இறக்கி, பாறையில தேச்சுட்டே போய் நின்னோம். பஸ் எங்களைத் தாண்டி ஏறிப் போச்சு. கண்டக்டர் படியில நின்னுட்டு, "குடிச்சுட்டு ஓட்டறானுக பாரு"ன்னார். அந்தக் குரலை நான் எடுக்கவே இல்ல. காது அடைச்சுப் போச்சு.

ஸ்டியரிங் வெட்டி இழுத்ததுல மாமாவுக்கு மணிக்கட்டு வீங்கிப் போச்சு. பாறை மேல உக்காந்துட்டார். கொஞ்ச நேரம் என் தலையைத் தடவிட்டே, "நீ இல்லீன்னா போயிருப்போம்டா"ன்னார். ஆமாங்ணா, நாந்தான் காப்பாத்தினேன். அதை யாரும் மறுக்க முடியாது.

அப்புறம் அவருக்குக் கோவம் வந்துச்சு. வெள்ளிங்கிரி ஐயாவுக்குப் போனைப் போட்டுக் கத்தினார். "உங்க ஆளு எங்களைக் கொல்லப் பாத்தான்." ஐயா எப்படிப் பேசுவார் தெரியுங்களா? இருமல் பாதி, பேச்சு பாதி. "க்ஹும்... வண்டி வரட்டும் தம்பி. உங்க முன்னாடியே... க்ஹும்... நட்டைத் தெறந்து பாப்போம். அவன் மேல தப்புன்னா இன்னியோட அவனை அனுப்பிடறேன். வேற எங்கயும் அவன் ஸ்பேனரைத் தொட முடியாது." மாமா, திரும்பி வந்த ஒரு பிரண்டோட பைக்ல ஆசுபத்திரிக்குப் போயிட்டார். வண்டிகூட ஒரு ஆள் வேணும்ல, என்னை நிக்க வெச்சுட்டுப் போனார். அப்புறம் நீங்க வந்தீங்க.

நீங்க சங்கிலி மாட்டிட்டு இருக்கறப்ப எனக்குப் போன் வந்துச்சு பாத்தீங்களா? மிக்கேல் அண்ணன். முதல்ல, "ஏல, உனக்கு அடி ஏதும் இல்லியே?"ன்னார். அப்புறம் குரலு ஒரு மாதிரி ஆயிருச்சு. "ரேடியோ, சாரு பெடலு கல்லு மாரி இருக்குன்னு சொன்னாருல்ல? உங்க மாமா, தான் அப்படிச் சொல்லவே இல்லன்னு சாதிக்காரு. நான் பொய் சொல்லுதேன்னு ஓனர் நினைக்காரு. நீ அங்கதான இருந்த? நீதாம்ல எனக்குச் சாட்சி. ஓனர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுல."

நான் என்ன பண்ணினேன் தெரியுங்களா? "ஸ்ஸ்ஸ்... க்ர்ர்... அண்ணா... கேக்க... ஸ்ஸ்ஸ்"னு நெட்வொர்க் போன மாதிரி வாயால சத்தம் விட்டுட்டுக் கட் பண்ணிட்டேன். நல்லா வரும் எனக்கு. சும்மா ஒரு தமாசுக்குச் சொன்னதை எல்லாம் போய்ச் சாட்சின்னா எப்படி? கல்லுன்னு சொன்னது வேற, பிரேக் பிடிக்காம போனது வேற. நானா மாட்டினேன் பிரேக்கை? நட்டையாவது தொட்டேனா? டயர் மேலதான் உக்காந்திருந்தேன். அந்த ஹோஸ் சரியில்லாம இருக்கும். இல்லீன்னா அந்த ஆயில். டப்பாவைப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகம்தான்.

என்னங்ணா? ஏன் ஓரங்கட்டறீங்க? பின்னாடி லாரிக்கு வழியா? சரி.

என்ன சொன்னீங்க? காத்தா?

இல்ல, பெடலு தரையில போய் இடிச்சதும், நாலு தடவை மிதிச்சப்புறம் பிடிச்சதும் காத்துனாலதான்னு நீங்களா சொல்றீங்களா, இல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்களா? ஹோஸ் சரியில்லீன்னா? ஆயில் ஒழுகியிருக்கணும். ஒழுகல. ஆமா, ஏத்தும்போது நானும் பாத்தேன், ஒழுகல. சரி, காத்துன்னே வெச்சுக்கங்க. மூடின குழாய்க்குள்ள காத்து எப்படிப் போகும்?

ம்.

ம்.

ஸ்ட்ரா மாதிரியா? ஜூஸை உறிஞ்சிட்டு இருக்கறப்ப ஸ்ட்ரா நுனி மேல வந்துட்டா வெறுங்காத்து வாய்க்குள்ள வருமே, அந்த மாதிரியா? நட்டு தெறந்திருக்கறப்ப காலை எடுத்தா, பெடலு மேல வர்றப்ப அந்த ஓட்டை வழியாக் காத்தை இழுத்துக்குமா.

அதனாலதான் மூடினப்புறம் விடுங்கன்னு சொல்றாங்களா?

மத்த சக்கரத்துல எல்லாம் அவர் திரும்ப எடுத்தாருங்ணா. முதல்ல இருந்து ஆரம்பிச்சாரு. சொன்னேன்ல. முன்னாடி வலது பக்கம் மட்டும்... அவர் திரும்ப எடுத்திருப்பாரு. பெடல் எப்படி இருக்குன்னுதான் கேட்டாரே. நல்லா இல்லீன்னு சொல்லியிருந்தாத் திரும்ப எடுத்திருப்பாரு.

ஏன் என்னையே பாக்கறீங்க?

போலாம்ங்ணா. இல்ல, உடனே வேண்டாம். இன்னொரு லாரி வருது, அது போகட்டும். அதுக்குப் பின்னால ஒரு பஸ்ஸும் வருது, அதுவும் போகட்டும். பட்டறையை எத்தனை மணிக்கு மூடுவாங்கன்னு தெரியல. மூடியிருக்க மாட்டாங்க. வெள்ளிங்கிரி ஐயா ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பார். மிக்கேல் அண்ணன் கையைக் கட்டிட்டு நிப்பார். நம்ம போனதும் சக்கரத்தைக் கழட்டி, அந்த நட்டைத் தெறப்பாங்க. குமிழ் குமிழா வரும். எல்லாரும் அவரைப் பாப்பாங்க. அவர் என்னைப் பாப்பாரு. சாட்சி சொல்லுவான்னு என்னைப் பாப்பாரு.

கொஞ்சம் மெதுவாப் போங்ணா. கீழ போக எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல.

போன் அடிக்குது.

அவர்தான். நானா? நீங்க எடுங்களேன், பையன் தூங்கிட்டான்னு சொல்லுங்களேன். சரி. சரி, எடுக்கறேன். முறைக்காதீங்க. இங்க பாருங்ணா, நெட்வொர்க் கோடு அத்தனையும் முழுசா நிக்குது. ஸ்... ஸ்ஸ்...

வரமாட்டேங்குதுங்ணா. வாய் காஞ்சு போச்சு.

அலோ.

அண்ணா. கேக்குதுங்ணா, நல்லாக் கேக்குது. இல்ல, சார் இல்லீங்ணா, சார் ஆசுபத்திரியில. நான் லோகித்து. ரேடியோதாங்ணா. இல்ல, யார் மாதிரியும் பேசல. சத்தியமா. என் குரலே இதுதாங்ணா.